கணனிப் போட்டி விளையாட்டும் சீவனோபாயமும்

‘விளையாட்டுப் பிள்ளை’ என்று ஒருவனைச் சொன்னால், அவன் இன்னும் பொறுப்பறியாதவன் என்பதே நம்மவர் கொள்ளும் பொருள். ‘விளையாட்டாய்ச் செய்துவிட்டான்’ என்றால், மனம் பொருந்திச் செய்யவில்லை என்பது கருத்து. விளையாட்டு வேறு, பிழைப்பு வேறு என்று நம் மொழியே வரம்பு கட்டி வைத்திருக்கின்றது. அவ்வரம்பை வெட்டிவிட்டு, விளையாட்டையே பிழைப்பாகக் கொள்ளலாம் என்று இக்காலத்து இளைஞர் கூறும்போது பெரியோர் திடுக்கிடுவதில் வியப்பில்லை. அதுவும் வெயிலில் ஓடி வியர்வை சிந்தும் உதைபந்தாட்டமோ கரப்பந்தாட்டமோ அன்று. ஓரிடத்தில் குந்தியிருந்து கணனித் திரையையோ கைத்தொலைபேசியையோ விழித்து நோக்கி ஆடும் ஆட்டம்.

“உயர்தரப் பரீட்சையை விட்டு இதிலே முழுமூச்சாய் இறங்கினால் என்ன?” என்பது இளைஞர் கேள்வி. “இது சோறு போடுமா?” என்பது தகப்பன்மாரின் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. வயலையும் கடலையும் நம்பி வாழும் இலுப்பைக்கடவை போன்ற ஊரில் ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று வருடம் என்பது சிறிய முதல் அன்று. ஏளனமும் புகழ்ச்சியும் இக்கேள்விகளுக்கு விடையாகமாட்டா. இவ்விளையாட்டு எங்கே தோன்றிற்று, யாருக்கு எவ்வழியாகப் பணம் கொடுத்தது, யாரைக் கைவிட்டது என்று அதன் சரித்திரத்தைப் பார்ப்பதே முறை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுதல் நன்று. பணம் வைத்து ஆடும் சூதும், திறமையைப் போட்டிக்கு வைக்கும் ஆட்டமும் ஒன்றல்ல. தருமபுத்திரர் நாடிழந்த கதையை நாம் பாரதப் படிப்பிற் கேட்டிருக்கின்றோம். திருக்குறளிலும் சூதுக்கென்று 94ஆம் அதிகாரம் தனியே வகுக்கப்பட்டிருக்கின்றது. இந்தியாவில் 2025 ஓகஸ்ட் மாதம் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை அது தடை செய்தது. போட்டிக் கணனி விளையாட்டை வேறாகப் பிரித்து அங்கீகரித்தது. நாம் இங்கே எழுதப் புகுந்தது இரண்டாவதைப் பற்றியே.

இதன் ஆரம்பம் மிக எளியது. 1972ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆந் திகதி, அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மாணவரும் ஆராய்ச்சியாளரும் கூடி, ‘ஸ்பேஸ்வார்’ என்னும் ஆட்டத்திற் போட்டியிட்டனர். திரையிலே சிறு விண்கலங்களை ஓட்டி ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் ஆட்டம் அது. வென்றவருக்கு வைத்த பரிசு ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் ஒரு வருடச் சந்தா. நம் சங்கத்துப் பேச்சுப் போட்டியிற் கொடுக்கும் புத்தகப் பரிசுக்கு ஒப்பானது எனலாம்.

எட்டு வருடம் கழிந்து 1980இல், ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்துக்கு அட்டாரிக் கொம்பனி நாடளாவிய போட்டி நடத்தியபோது பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றினர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டியை நடத்தியது அவ்வாட்டத்தை விற்கும் கொம்பனி. விளையாடுவோருக்குப் பரிசு கொடுப்பதன் நோக்கம் பெட்டி விற்பனையே. பின் வந்த நாற்பத்தைந்து வருடத்திலும் இந்த அத்திவாரம் மாறவில்லை.

1997இல் ‘குவேக்’ என்னும் ஆட்டத்தின் போட்டியில் வென்ற டெனிஸ் ஃபொங் என்னும் இளைஞருக்கு, அவ்வாட்டத்தை ஆக்கியோருள் ஒருவரான ஜோன் கார்மக், தாம் ஓட்டிய சிவப்பு ஃபெராரிக் காரையே பரிசாகக் கொடுத்தார். செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆயினும் ஒரு கார் வருமானமாகாது. விளையாடிச் சம்பளம் வாங்கும் ஒரு கூட்டம் உண்டாக வேண்டுமானால் அதற்கு வேறொரு நாடும் வேறொரு நிலைமையும் தேவைப்பட்டன.

அந்த நாடு தென் கொரியா. அங்கே நடந்ததைச் சற்று விரித்தெழுதுகின்றோம்; ஏனெனில், ‘விளையாட்டு வீரன்’ என்பது கணனி உலகில் ஓர் உத்தியோகமானது அங்கேதான்.

1997இன் இறுதியில் ஆசிய நாடுகளைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் கொரியா சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. கொம்பனிகள் ஆட்குறைப்புச் செய்தன. வேலை இழந்தவருட் பலர், கையிற் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டு ‘பிசி பாங்’ எனப்படும் கணனிக் கூடங்களைத் திறந்தனர். மணித்தியாலக் கட்டணத்துக்குக் கணனி கொடுக்கும் கடைகள் அவை. அரசாங்கமும் அதே காலத்தில் விரைவு இணைய வசதியை நாடெங்கும் பரப்பிற்று. 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் அமெரிக்க ஆட்டம் வந்தது. படை திரட்டி, வளம் சேர்த்து, எதிரியின் எண்ணத்தை முன்கூட்டி ஊகித்து ஆட வேண்டிய ஆட்டம். சதுரங்கத்தை விநாடிக் கணக்கில் ஆடுவது போன்றது. வேலையற்ற இளைஞர், மலிவான கூடம், வேகமான இணையம், மூளைக்கு வேலை தரும் ஆட்டம் ஆகிய நான்கும் ஒரே காலத்தில் ஒன்று கூடின. 2001 அளவில் அந்நாட்டில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கணனிக் கூடங்கள் இருந்தன.

2000இல் இவ்வாட்டங்களை மட்டும் காட்டும் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று தொடங்கிற்று. அதே வருடத்தில் கொரிய கணனி விளையாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டு, தகுதிப் போட்டிகளில் தேறியவருக்குத் தொழில்முறை வீரர் என்னும் பதிவும் வழங்கப்பட்டது. தொலைபேசிக் கொம்பனிகளும் இலத்திரனியற் கொம்பனிகளும் தத்தம் பெயரிற் கழகங்களை வைத்து வீரருக்கு மாதச் சம்பளம் கொடுத்தன. லிம் யோ-ஹுவான் என்னும் வீரருக்குப் பல இலட்சம் இரசிகர் இருந்தனர். 2004இல் பூசான் நகரின் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டியைப் பார்க்க ஒரு இலட்சம் பேர் திரண்டனர் என்று கூறப்படுகின்றது. கொரிய விமானப் படைகூட 2007இல் ஒரு கழகம் அமைத்தது. கட்டாய இராணுவ சேவைக்குச் செல்லும் வீரர் தம் ஆட்டத்தை மறவாதிருக்க அது உதவிற்று. 2012இல் அக்கழகம் கலைந்தது.

இவ்வளவும் கேட்க இனிமையானவை. மறுபக்கமும் உண்டு. கழகத்து வீரர் ஒரே வீட்டிற் தங்கி, நாள் ஒன்றுக்குப் பத்து மணித்தியாலமும் அதற்கு மேலும் பயின்றனர். மேடையேறும் முதல் வரிசையினருக்கே நல்ல சம்பளம். அவர்களுக்கு எதிரே இருந்து பயிற்சி கொடுக்கும் இரண்டாம் வரிசைப் பையன்கள் தங்க இடமும் உண்ணச் சோறும் அன்றி அதிகம் காணவில்லை. நம் பகுதியில் வண்டிற் சவாரி பார்த்தவருக்கு இது புதிதன்று. முதலாவதாய் வந்த சோடி மாட்டைத்தான் சனம் சுற்றி நிற்கும். தவிடும் புண்ணாக்கும் வைத்து வருடம் முழுவதும் மாடு வளர்த்துத் தோற்றவனின் கணக்கை எவரும் கேட்பதில்லை.

2010இல் அங்கே பெரும் அவமானம் ஒன்று நேர்ந்தது. சட்டவிரோதப் பந்தயக்காரரிடம் பணம் வாங்கி வேண்டுமென்றே தோற்ற குற்றத்துக்காகப் பதினொரு வீரரைச் சங்கம் ஆயுட்காலத் தடை செய்தது. அவர்களுள் ஒருவர் சில வருடம் முன்பு நாட்டின் முதல்வராக விளங்கியவர். ஆட்டத்தில் உழைத்துப் போதிய ஊதியம் காணாத இடத்திற் சூது எப்படி வாயில் திறந்து காத்திருக்கின்றது என்பதற்கு இது சான்று.

வேறொரு வழக்கும் எழுந்தது. இது நம் இளைஞர் மிகவும் கவனிக்க வேண்டியது. கொரியச் சங்கம் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை விற்கப் புகுந்தபோது, ஆட்டத்தை ஆக்கிய அமெரிக்கக் கொம்பனி குறுக்கே வந்து, “ஆட்டம் எங்களுடையது, எங்கள் அனுமதியின்றி நீங்கள் எப்படி விற்கலாம்?” என்று கேட்டது. 2007 முதல் 2011 வரை இப்பிணக்கு நீடித்து உடன்படிக்கையில் முடிந்தது. உதைபந்துக்குச் சொந்தக்காரர் எவருமில்லர். கிளித்தட்டுக்கும் இல்லை. ஊரில் நாலு பேர் கோடு கீறி ஆடலாம், போட்டி வைக்கலாம், நுழைவுக் கட்டணமும் அறவிடலாம். கணனி ஆட்டம் அப்படியன்று. கரைவலைத் தொழிலில் வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையன; இழுப்பவனுக்குப் பங்கு உண்டு, பாடு எந்நாளில் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. இங்கும் அதே கதைதான். விதியை மாற்றுவதும், போட்டியை நிறுத்துவதும், ஆட்டத்தையே மூடிவிடுவதும் கொம்பனியின் விருப்பம்.

மேலைநாட்டில் வேறொரு வழி உண்டாயிற்று. ஜொனதன் வெண்டெல் என்னும் அமெரிக்கர் 2005இல் நியூயோர்க் இறுதிப் போட்டியில் 1,50,000 டொலர் பரிசு பெற்றார். அவர் நிலைத்த வருமானம் தேடியதோ தம் விளையாட்டுப் பெயரைக் கணனி உதிரிப்பாகங்களுக்கும் காதொலிக் கருவிகளுக்கும் வாடகைக்குக் கொடுத்தே. பரிசு பெயரைத் தந்தது. பெயர் வியாபாரத்தைத் தந்தது.

2011இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, ‘ட்விச்’ என்னும் நேரடி ஒளிபரப்புத் தளம் தோன்றியது. ஆடுபவன் தன் வீட்டிலிருந்தே உலகத்துக்குக் காட்டலாம். பார்ப்பவர் சந்தா கட்டலாம், அன்பளிப்புச் செய்யலாம். 2014இல் அமேசன் கொம்பனி அதனை ஏறத்தாழ 97 கோடி டொலருக்கு வாங்கிற்று. மற்றொன்று, ‘டோட்டா 2’ என்னும் ஆட்டத்துக்கு ஜேர்மனியின் கொலோன் நகரில் நடந்த போட்டி. மொத்தப் பரிசு 16 இலட்சம் டொலர். வென்ற கழகத்துக்கு 10 இலட்சம். அதுவரை இத்தகைய தொகை கேள்விப்படாதது.

அப்போட்டியின் பரிசுத் தொகை பின்னர் வளர்ந்த விதம் வேடிக்கையானது. 2013 முதல், இரசிகர் வாங்கும் ஒரு மலரின் விற்பனையில் நாலில் ஒரு பங்கைப் பரிசு நிதியிற் சேர்த்தனர். மற்ற முக்கால் பங்கு யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. 2021இல் மொத்தப் பரிசு நான்கு கோடி டொலரை எட்டிற்று. வென்ற ரஷியக் கழகம் ஒரு கோடி 82 இலட்சம் டொலர் பெற்றது. 2023இல் கொம்பனி அம்முறையை மாற்றிவிட்டது. அவ்வருடப் பரிசு சுமார் 31 இலட்சம் டொலராகச் சுருங்கிற்று. ஆடுவோரின் திறமை குறையவில்லை, பயிற்சி குறையவில்லை. இரண்டு வருடத்தில் நான்கு கோடி முப்பது இலட்சமளவில் வந்து நின்றது. நான்கு கோடியைக் கணக்கிற் கொண்டு வாழ்க்கையைத் திட்டமிட்டவனின் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

இனி நம் அயலைப் பார்ப்போம். கராச்சி நகரிற் பிறந்த சுமைல் ஹசன் என்னும் சிறுவன், கணனிக் கூடத்திற் கட்டணம் கட்டி விளையாடுவதற்காகத் தன் சைக்கிளை விற்றதாகப் பின்னர் தானே சொல்லியிருக்கின்றான். குடும்பம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தபின், அங்கே ஒரு பெரிய கழகம் அவனைச் சேர்த்துக்கொண்டது. 2015இல் சியாட்டில் நகரில் அக்கழகம் 66 இலட்சம் டொலர் வென்றபோது அவனுக்கு வயது 16. தெற்காசியப் பிள்ளைகளுக்கு இதிலே மூளை உண்டென்பதை அவன் காட்டினான். ஆயினும் கதையை முழுதாய்ச் சொல்ல வேண்டும்: கராச்சியிலேயே இருந்திருந்தால் அந்தக் கழகத்தின் கண்ணிற் பட்டிருப்பானோ என்பது ஐயமே.

இந்தியாவில் இவ்விளையாட்டு விலையுயர்ந்த கணனியை விட்டுக் கைத்தொலைபேசிக்கு இறங்கியபின்தான் கிராமம் வரை சென்றது. 2018இல் ‘பப்ஜி’ கைத்தொலைபேசி ஆட்டம் வந்தது. தமிழ்நாட்டிலும் இளைஞர் பலர் யூடியூபில் ஆடிக் காட்டிப் பேசி வருமானம் தேடினர். அதே வருடம் யக்கார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் காட்சிப் போட்டியாக இடம்பெற்ற கணனி விளையாட்டில், குசராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் பெற்றார். 2020 செப்டெம்பர் 2ஆந் திகதி இந்திய அரசாங்கம் பப்ஜியைத் தடை செய்தது. அன்று மாலை வரை அதை ஆடிச் சம்பாதித்தவரின் கடை மறுநாட் காலை பூட்டப்பட்டது போலாயிற்று. 2021 ஜூலையில் வேறு பெயரில் இந்தியப் பதிப்பு வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பிற்று. ஆடுபவன் ஒரு தவறும் செய்யாமலே மூன்று வருடத்துக்குள் இரண்டு முறை தொழிலிழந்தான். இதற்கிடையில் 2022 டிசெம்பரில் இந்திய அரசு கணனி விளையாட்டை விளையாட்டுத் துறை அமைச்சின் கீழ்க் கொண்டுவந்தது. 2023இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விழாவில் பதக்கப் போட்டியாகவே அது சேர்க்கப்பட்டது.

யூடியூப் வழியிலும் ஒரு கசப்பான சம்பவம் உண்டு. தமிழில் இவ்வாட்டத்தை ஒளிபரப்பி இலட்சக் கணக்கானோரைச் சேர்த்த ஒருவர், ஆபாசமாகப் பேசினார் என்னும் முறைப்பாட்டின்மேல் 2021 ஜூனில் தமிழ்நாட்டுப் பொலிசாராற் கைதானார். அவருடைய ஒளிபரப்பைப் பார்த்தவருட் பள்ளிச் சிறுவரும் இருந்தனர். பார்ப்போர் தொகையே பணமாகும்போது நாவுக்குக் கடிவாளம் இருப்பதில்லை. பெரியோர் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வச்சத்தை நாம் தள்ளிவிட முடியாது.

இலங்கையிற் கொழும்பே முதலிடம் பெற்றது. 2007இல் ‘கேமர் எல்கே’ என்னும் அமைப்புத் தொடங்கி, 2008 முதல் இலங்கைக் கணனி விளையாட்டுப் போட்டிகளை நடத்தி வந்தது. பின் பாடசாலைகளுக்கிடையிலும் கொம்பனி ஊழியருக்கிடையிலும் போட்டிகள் வந்தன. தொலைபேசிக் கொம்பனிகள் அனுசரணை கொடுத்தன. 2019இல் விளையாட்டுத் துறை அமைச்சு இதனை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது. 2008ஆம் ஆண்டு என்று எழுதும்போது நம் எழுதுகோல் சற்றுத் தயங்குகின்றது. கொழும்பிலே பிள்ளைகள் கணனிக்கு முன் அமர்ந்து போட்டியிட்ட அந்த வருடத்தில், இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், விடத்தல்தீவுப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சுடன் ஊர் விட்டு ஊர் இடம்பெயர்ந்து கொண்டிருந்தது. மீளக் குடியேறிக் கூரை போட்டு, வயலைத் திருத்திய பின்னரே மற்றவை. ஆகவே இத்துறையில் நம் பிள்ளைகள் பின்தங்கினர் என்றால், ஓட்டம் தொடங்கிய வேளையில் அவர்கள் மைதானத்திலேயே இருக்கவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இன்று மன்னார் – பூநகரி வீதியோரத்தில் இருந்தும் ஒருவன் உலகத்தோடு ஆடலாம். ஆயினும் தூரம் முற்றாக நீங்கிவிடவில்லை. பெரிய ஆட்டங்களின் கணனி நிலையங்கள் பல சிங்கப்பூரிலும் மும்பையிலும் இருக்கின்றன. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். போய்வர, நேர்கோட்டிற் சென்றாலும், ஆயிரத்தில் 27 பங்கு விநாடி வேண்டும். உண்மையிற் கம்பி வளைந்து செல்வதாலும், இடைநிலையங்களில் தங்குவதாலும், நம் ஊரின் கோபுரம் வரை அலைவழியே வருவதாலும் அது பன்மடங்காகும். சிங்கப்பூர்ப் பையன் எதிரியைக் கண்டு சுட்ட பின்னரே நம் பையனுக்கு எதிரி தெரிவான். இது கைத்திறன் குறைவன்று. அதனாலேதான் பெரிய கழகங்கள் வீரரை ஒரே வீட்டில், நிலையத்துக்கு அண்மையில் வைத்துப் பயிற்றுகின்றன.

பணம் கைக்கு வந்து சேர்வதிலும் சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் பரிசும் அன்பளிப்பும் பெரும்பாலும் வரும் ‘பேபால்’ வழியாக இலங்கையிலிருந்து பணம் அனுப்பலாம், பெறமுடியாது என்னும் நிலை நெடுங்காலம் இருந்தது. யூடியூப் தளமோ 2018 முதல், ஆயிரம் சந்தாதாரரும் வருடத்தில் நாலாயிரம் மணித்தியாலப் பார்வையும் இல்லாதவருக்கு விளம்பரப் பங்கு கொடுப்பதை நிறுத்திற்று. அத்தகுதி பெற்றவருக்கு, நீண்ட காட்சிகளின் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 55 கிடைக்கும். அதிலும் பார்ப்பவர் எந்நாட்டவர் என்பதைப் பொறுத்தே விளம்பர விலை. யாழ்ப்பாணத்தில் நூறு பேர் பார்ப்பதிலும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நூறு தமிழர் பார்ப்பது பலமடங்கு பெறுமதி. புலம்பெயர்ந்த நம் உறவினர் காசோலை எழுதாமலே ஊருக்கு உதவக்கூடிய வழி இது ஒன்று என்று சிரிப்பாகச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வரும் இத்தகைய சேவை வருமானத்துக்கும் 2025 ஏப்ரல் முதல் இலங்கையில் வரி உண்டு என்பதையும் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, ஆடி வென்று வாழ்வோர் மிகச் சிலர். அவர்களிலும் இருபத்தைந்து வயதைத் தாண்டி முன்வரிசையில் நிற்போர் குறைவு. ஆனால் ஆட்டம் நடப்பதற்கு ஆடுபவன் மட்டும் போதாது. கோயில் திருவிழாவிற் சுவாமி எழுந்தருளுவதற்குப் பந்தற்காரர், மேளகாரர், சிகரம் கட்டுவோர், ஒலிபெருக்கிக்காரர் எல்லாரும் வேண்டியிருப்பது போல, இங்கும் போட்டி ஒழுங்கு செய்வோர், நடுவர், கணனி வலை அமைப்போர், காட்சி தொகுப்போர், வர்ணனையாளர், பயிற்றுநர், புதிய ஆட்டத்தைச் சந்தைக்கு வருமுன் ஆடிப் பிழை கண்டு எழுதிக் கொடுப்போர் எனப் பலர் வேண்டும். கொரியாவிற் கணனிக் கூடம் திறந்தவன் ஒரு போட்டியிலும் வெல்லாமலே குடும்பத்தைக் காப்பாற்றினான் என்பதை மறக்கலாகாது. இவ்வேலைகள் ஓர் ஆட்டம் மூடப்பட்டால் மற்றோர் ஆட்டத்துக்கு எடுத்துச் செல்லத்தக்கவை. காட்சி தொகுக்கக் கற்றவன் கலியாண வீட்டுக்கும் போவான். வலை அமைக்கக் கற்றவனைப் பாடசாலையும் வங்கியும் அழைக்கும்.

அவற்றுள் நேர்முக வர்ணனை நம்மவருக்குப் பொருத்தமானது என்பது எம் அபிப்பிராயம். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கடல் கடந்து தமிழ்நாட்டு மக்கள் காது கொடுத்துக் கேட்ட காலம் ஒன்று இருந்தது, எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்னும் பெயர்களை அங்குள்ள முதியோர் இன்றும் சொல்லுவர். மேடையில் நின்று தடையின்றிப் பேசும் பயிற்சி எதற்கு உதவும் என்று கேட்கும் அங்கத்தவர், சங்கத்து நாவன்மைப் போட்டிக்கு வருவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

உயர்தரப் பரீட்சையை விடலாமா என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. அதற்கு இளைஞர் எடுத்துக்காட்டும் பெயர் கொரியாவின் லீ சாங்-ஹியொக். ‘ஃபேக்கர்’ என்னும் பெயரால் உலகறிந்தவர். ‘லீக் ஒஃப் லெஜன்ட்ஸ்’ ஆட்டத்தில் 2023, 2024, 2025 என மூன்று வருடம் தொடர்ந்து தம் கழகத்துடன் உலகக் கிண்ணம் வென்றவர். ஹாங்சௌ ஆசிய விழாவிலும் கொரிய அணியுடன் தங்கம் பெற்றவர். அவர் உயர்தரப் பாடசாலையை இடையில் விட்டது உண்மையே. எப்பொழுது விட்டார் என்பதை நம் இளைஞர் சொல்வதில்லை. நாடு முழுவதும் ஆடிய இலட்சக் கணக்கானோருள் அவர் முன்னணியில் நின்றதைக் கண்டு, 2013இல் பெரிய தொலைபேசிக் கொம்பனி ஒன்றின் கழகம் அவரைத் தேடி வந்து சேர்த்துக்கொண்டது. அவ்வாறு தேடிவரும் கழகமும், சம்பளமும், தங்கும் வீடும், ஒளிபரப்பும் அவர் பிறந்த நாட்டிலேயே அவர் பிறந்து சில வருடத்துள் உண்டாகியிருந்தன.

நம் அங்கத்தவருள் அத்தகைய ஒப்பந்தக் கடிதத்துடன் வந்தவர் இதுவரை ஒருவருமில்லை. வராது என்று நாம் சொல்லவில்லை. வந்தால், சம்பளம் மாதந்தோறுமா அன்றி வென்றால் மட்டுமா, பரிசிற் கழகத்தின் பங்கு எவ்வளவு, ஒளிபரப்பு வருமானம் யாருடையது, எத்தனை வருடத்துக்குக் கட்டுப்பாடு, இடையில் ஆட்டம் நின்றுபோனால் என்ன வழி என்னும் ஐந்தையும், ஆங்கிலம் அறிந்த பெரியவர் ஒருவரோடும் பெற்றோரோடும் கூடி வாசிகசாலையில் இருந்து வாசித்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். அந்த நாள் வரும்வரை பள்ளிக்கூட வரவுப் பதிவில் பிள்ளையின் பெயர் இருக்கட்டும்.